கடைசித் தட்டில் என்ன இருக்கிறது? உழவர் வீட்டுச் சாப்பாடும் பெண்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாவட்டத்தில் பேரையூர், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்து மகளிர் குழுக் கூட்டங்களில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. வீடு வீடாகப் போய், நேற்று என்ன சமைத்தார்கள், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று எழுதிக்கொண்டு வருவதும் உண்டு. அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றைக் கோபமாகத்தான் கேட்டார்கள். அவற்றையும் விடவில்லை.

உணவுப் பாதுகாப்பு என்றால் சாப்பாடு கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதா?

பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெயர் அப்படி அமைந்துவிட்டது. 1996இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாட்டில் சொன்ன அர்த்தம் வேறு: எல்லா மனிதருக்கும், எல்லா நாளும், நல்லபடியாக வாழத் தேவையான சத்தான சாப்பாடு கிடைக்க வேண்டும். இதை நாலாகப் பிரிப்பார்கள். ஊரில் உணவு இருக்க வேண்டும். அதை வாங்கவோ விளைவிக்கவோ நமக்கு வழி இருக்க வேண்டும். தின்றது உடம்பில் சேர வேண்டும். இதெல்லாம் ஆடியிலும் ஐப்பசியிலும்கூட நிலைத்திருக்க வேண்டும். மதுரை மாவட்டத்தில் முதல் விஷயத்துக்குப் பெரிய குறை இல்லை. மற்ற மூன்றில்தான் இடிக்கிறது. அந்த இடி வீட்டில் எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை.

ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பானை. இதில் ஆண் என்ன, பெண் என்ன?

பானை ஒன்றுதான். அகப்பை போகும் வரிசை ஒன்றல்லவே.

பேரையூருக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில், ஒரு வீட்டில் கேட்டேன்: "நேற்று ராத்திரி நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் அக்கா?" "எல்லாரும் சாப்பிட்டதுதான்" என்றார். எல்லாரும் என்ன சாப்பிட்டார்கள்? சோறு, கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, முட்டை. எத்தனை முட்டை? மூன்று. வீட்டில் எத்தனை பேர்? ஐந்து. அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். கணவருக்கு ஒரு முழு முட்டை, கல்லூரிக்குப் போகிற மகனுக்கு ஒன்று, மகளுக்கும் மாமியாருக்கும் ஆளுக்குப் பாதி. கருவாட்டுத் துண்டு நாலு, அதுவும் நாலு தட்டுக்குப் போயிற்று. இந்த அக்காவுக்குக் கிடைத்தது சட்டியில் ஒட்டியிருந்த குழம்பும், அதில் பிசைந்து சட்டியிலேயே சாப்பிட்ட சோறும். "சட்டியில பிசைஞ்சு திங்கிற ருசி தட்டுல வருமா?" என்று சிரித்தார். அந்த ருசி எனக்கும் தெரியும், என் அம்மாவும் அதையேதான் சொல்வார். ஆனால் சட்டியில் ருசி ஒட்டும், முட்டை ஒட்டாது.

அந்த வீட்டில் பசி இல்லை. வயிறு நிறைந்துதான் படுத்தார்கள். குறை எதில் வருகிறது என்றால், விலை கூடின சாமான்களில். முட்டை, மீன், பருப்பு, பால், பழம் எல்லாம் வீட்டுக்குள் வந்தும், பரிமாறுகிறவர் தட்டுக்கு வந்து சேருவதில்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் ஆண்களில் 25 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 57 சதவீதம். தமிழ்நாட்டில் மட்டும் பார்த்தால் பெண்களில் 53.4 சதவீதம். இதற்கு மாதவிடாய், பேறுகாலம் என்று வேறு காரணங்களும் உண்டு. தட்டும் ஒரு காரணம்.

ஆம்பளை உழுகிறான், மூட்டை தூக்குகிறான். அவனுக்குக் கூட வைப்பதில் என்ன தப்பு?

உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுந்து நின்று கேட்டது இது. நியாயமான கேள்விதான். கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, உட்கார்ந்த வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கிலோ கலோரி போதும். மிதமாக உழைக்கும் ஆணுக்கு 2,710. கடுமையாக உழைக்கும் பெண்ணுக்கு 2,720. அதாவது நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட பெண்ணுக்கு, டிராக்டர் ஓட்டிய ஆணைவிடக் குறையாமல் சோறு வேண்டும். கடுமையாக உழைக்கும் ஆணுக்கு 3,470 வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் இன்றைக்கு உழவு, அறுப்பு, போரடிப்பு எல்லாம் மிஷினுக்குப் போய்விட்டது. களை எடுப்பும் பருத்தி எடுப்பும் இன்னும் பெண்கள் கையில்தான் இருக்கின்றன. உழைப்பு இடம் மாறின பிறகும் அகப்பை பழைய வரிசையிலேயே போகிறது.

இரும்புச்சத்துக் கணக்கு இன்னும் தலைகீழ். ஆணுக்கு நாளைக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. ஈரல் வாங்கினால் யார் தட்டுக்குப் போக வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதில் வீட்டு வேலையை நான் சேர்க்கவே இல்லை. 2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலி இல்லாத வீட்டு வேலை பார்ப்பவர்களில் பெண்கள் அதற்கு நாளைக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது. ஐந்து மணி நேரம் என்பது இன்னொரு ஷிப்ட்.

அந்தப் பெரியவர் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். ஒத்துக்கொண்டார் என்று நினைத்துவிட வேண்டாம்.

ரேஷனில்தான் அரிசி சும்மா கொடுக்கிறார்களே?

கொடுக்கிறார்கள், அது சின்ன விஷயம் இல்லை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு இலவச அரிசி. பல மாநிலங்களில் ஏழைக்கு மட்டும் என்று வடிகட்டியபோது, இங்கே அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லாருக்கும் தந்தார்கள். நம் ஊரில் பஞ்சம் என்ற சொல்லையே பிள்ளைகள் மறந்ததற்கு ரேஷன் கடைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் நாலு பேர் வீட்டுக்கு 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு மாதம் 5 கிலோ. ஒரு நாளைக்கு 166 கிராம். அதிலிருந்து கிடைப்பது 600 கிலோ கலோரிக்கும் குறைவு. களை எடுக்கிற பெண்ணின் தேவையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பை நாலு பேருக்கும் பிரித்தால் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம். அது சாம்பாருக்கு நிறம் கொடுக்கும், அவ்வளவுதான். மிச்சத்தை நிலமோ காசோதான் தர வேண்டும். அங்கேதான் அடுத்த கேள்வி வருகிறது.

விவசாயக் குடும்பம்தானே, விளைவதைச் சாப்பிட வேண்டியதுதானே?

இந்தக் கேள்வியை ஊருக்கு வெளியே இருப்பவர்கள்தான் கேட்பார்கள்.

மதுரை மாவட்டத்தை ஒரே மாதிரி நினைக்கக் கூடாது. வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் முல்லைப் பெரியாறும் வைகையும் பாயும் கால்வாய்ப் பாசனம். அணையில் தண்ணீர் இருந்தால் நெல் உண்டு. பேரையூர், கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி பெரும்பாலும் மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தை, மாசியில் அறுப்பார்கள். இந்தக் கரிசலில் முன்பு பருத்திக்கு நடுவே தட்டப்பயறு, மொச்சை, பாசிப்பயறு போடுவார்கள். சோளமும் குதிரைவாலியும் வீட்டுக் குலுக்கையில் கிடக்கும். பருத்தி விற்ற காசு ஆண் கையில், பயறு பெண்ணின் முறத்தில். யாரும் எழுதி வைத்த பாகப்பிரிவினை இல்லை, ஆனால் அப்படித்தான் நடந்தது. பயற்றுக்கு விலை கேட்டு வியாபாரி வந்தால் அம்மாக்கள்தான் பேசுவார்கள்.

இப்போது அந்த நிலத்தில் பெரும்பகுதி மக்காச்சோளம். அது கோழித்தீவனத்துக்குப் போகிறது. வீட்டில் ஒரு கதிரை வாட்டித் தின்னலாம், மற்றபடி மொத்தமும் லாரியில். காசு நன்றாக வரும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வருஷத்துக்கு ஒரு தரம், ஒரே தொகையாக, ஒருவர் கைக்கு வரும். கடன், உர பாக்கி, மோட்டார் ரிப்பேர் எல்லாம் அன்றைக்கே வாசலில் நிற்கும். 2018இல் படைப்புழு இறங்கியபோது காசும் போயிற்று, குலுக்கையிலும் ஒன்றும் இல்லை.

கீரை விஷயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். களை எடுக்கப் போகிற பெண்கள் சாயங்காலம் வரும்போது முந்தானையில் ஒரு கட்டுக் கீரை இருக்கும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, சாரணத்தி. களை என்று பிடுங்கியதில் பாதி குழம்புக்கு ஆகும். விலை கிடையாது, யாரிடமும் கேட்க வேண்டாம், அதை யாரும் பங்கு கேட்பதும் இல்லை. பெண்கள் தங்கள் கையாலேயே வீட்டுக்குக் கொண்டுவந்த சத்து அது. மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிக்க ஆரம்பித்த பிறகு கீரையும் கருகியது, களை எடுக்கும் கூலியும் போயிற்று. ஒரே தெளிப்பானில் இரண்டு போயிற்று. மருந்து அடித்த காட்டில் மிஞ்சினதைப் பறிக்கவும் பயம்.

நெல் ஊர்களில் கதை வேறு, முடிவு கிட்டத்தட்ட ஒன்று. அறுப்புக்குப் போனால் கூலியை நெல்லாகவே அளந்து கொடுப்பார்கள். அது தலைச்சுமையாக நேரே அடுப்படிக்கு வரும். அறுவடை மிஷின் வந்தபின் அந்தக் கூலிநெல் போயிற்று. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லாருக்கும் பெருமைதான். அந்த மொட்டு விரியுமுன் பறிக்க விடிகாலையில் தோட்டத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெறும் வயிற்றில் வரக்காப்பியோடு போய், பூ மார்க்கெட்டுக்கு ஏறிய பிறகுதான் காலைச் சாப்பாடு.

அப்படியானால் பழையபடி குதிரைவாலிக்கும் சோளத்துக்கும் திரும்பிவிடலாமே?

குதிரைவாலிக்குப் பேர்போன பகுதி எங்களுடையது. அதனால் சொல்ல உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்: உரலில் குதிரைவாலி குத்தினவர்கள் யாரும் அந்தக் காலத்தை ஏங்கிப் பேச மாட்டார்கள். அதன் உமி லேசில் போகாது. குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் போகும். தோள்பட்டை இற்றுப்போகும். ரேஷன் அரிசி வந்தபோது பெண்கள் உலக்கையை மூலையில் சாத்தினார்கள் என்றால், அது ஓய்வுக்காக எடுத்த முடிவு. சிறுதானியத் திருவிழா மேடைகளில் இதைச் சொன்னால் கொஞ்சம் சங்கடமாகப் பார்க்கிறார்கள்.

ஊர்ப்பக்கமே உமி நீக்கும் மிஷின் இருந்தால் கதை மாறும். மிஷின் தொலைவில் இருந்தால், தானியம் மூட்டையாக வியாபாரிக்குப் போய், அரிசியாகி, டவுன் கடையில் நாம் வாங்க முடியாத விலைக்கு வந்து உட்காரும்.

நிலம் பெண் பெயரில் இருந்தால் சாப்பாடு மாறுமா?

நேரடியாக மாறாது. சுற்றி வந்து மாறும். என்ன விதைப்பது என்று சொல்பவர்தான் வீட்டில் என்ன மிஞ்சும் என்பதையும் தீர்மானிக்கிறார். 2015–16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டில் நிலம் நடத்துவோரில் பெண்கள் சுமார் 14 சதவீதம். காட்டில் வேலை செய்யும் பெண்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

சட்டம் நம்மிடம் சீக்கிரமே வந்துவிட்டது. தமிழ்நாடு 1989இலேயே பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்தது, அன்றைக்குக் கல்யாணம் ஆகியிருந்த பெண்களை மட்டும் விட்டுவிட்டு. 2005இல் நாடு முழுக்க மகள்களுக்கு அந்த உரிமை வந்தது. ஆனால் அண்ணன் தம்பியிடம் பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற பயம் எந்தச் சட்டத்துக்கும் அடங்கவில்லை. பங்குக்குப் பதிலாகத் தாய்மாமன் சீரை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

பட்டா இல்லாவிட்டால் பிரதமரின் கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு வரும் 6,000 ரூபாய் இல்லை. பயிர்க்கடனுக்கும் அலைச்சல். கணவன் வெளியூரில் பலகார வேலைக்கோ கட்டட வேலைக்கோ போய்விட, காட்டை நடத்துவது மனைவி; காகிதத்தில் விவசாயி கணவன். இப்படி எத்தனையோ வீடுகள்.

பெண் கையில் காசு வந்தால்?

இங்கே எனக்கு நம்பிக்கை அதிகம். சிறுவாட்டுக் காசு என்று ஒன்று உண்டு. முட்டை விற்றது, மோர் விற்றது, அரிசிப் பானைக்குள்ளும் சேலை மடிப்பிலும் கிடப்பது. அது பெரும்பாலும் பிள்ளைக்கு மருந்தாகவோ, மாசக் கடைசியில் ஒரு கிலோ பருப்பாகவோதான் வெளியே வரும்.

2023 செப்டம்பர் 15 முதல் வரும் மகளிர் உரிமைத்தொகை, மாதம் 1,000 ரூபாய், பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போகிறது. நிலம் வைத்திருந்தால் கிடைக்காதே என்று கேட்கிறார்கள். அறிவித்தபோது வைத்த வரம்பு, நஞ்சை என்றால் ஐந்து ஏக்கர், புஞ்சை என்றால் பத்து ஏக்கர்; அதற்கு மேல் போகாத வீட்டுக்கு நிலம் தடையில்லை. வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரேஷன் அட்டையில் கணவர் தலைவராக இருந்தாலும் மனைவியைக் குடும்பத் தலைவியாகக் கொள்வார்கள். பணம் ஏறின அன்றே ஏடிஎம் கார்டு கணவர் சட்டைப்பைக்குப் போகிற வீடுகளும் இருக்கின்றன, மறைப்பானேன்.

பாலில் மட்டும் எச்சரிக்கை. மாடு வாங்கினால் வீட்டில் பால் குடிப்பார்கள் என்று நினைப்போம். சொசைட்டி வண்டி வரும் நேரத்துக்குக் கறந்தது முழுக்கக் கேனுக்குப் போகும். மாட்டுக்குப் புல் அறுத்தவருக்கு மிஞ்சுவது டீக்கு ஊற்றுகிற அளவு.

எல்லாப் பெண்களும் ஒரே மாதிரிதான் கஷ்டப்படுகிறார்களா?

இல்லை. வீட்டுக்கு வந்த புது மருமகளின் தட்டும், பத்து வருஷம் கழித்து அவரே கையில் அகப்பை பிடிக்கும்போது இருக்கும் தட்டும் வேறு. வயசு ஏறினால் மறுபடி கீழே இறங்கும். மகன் வீட்டுக்குப் பக்கத்திலேயே தனி அடுப்பு வைத்துப் பொங்கித் தின்னும் பாட்டிகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் பெயர் மகனின் ரேஷன் அட்டையில் இருக்கும். அரிசி அங்கே போகும், பாட்டிக்குக் கேட்டால்தான் வரும். கேட்க மாட்டார். முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதில் அரிசியும் மாத்திரையும் பேரனுக்கு மிட்டாயும் வாங்க வேண்டும். ஒரு கூட்டத்தில் யாரைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டும் என்று கேட்டால், நான் இவர்களைத்தான் சொல்வேன்.

ஆண்களுக்குக் குறையே இல்லையா?

இருக்கிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். அந்த வருஷம் கடன்காரனுக்குப் பதில் சொல்ல முடியாமல் சாப்பிடாமல் படுத்த ஆண்களைப் பார்த்திருக்கிறேன். குடியில் அழிகிற காசு தனிக் கதை, அதை எல்லாரும் அறிவோம்.

கணக்கெடுப்புக்கு வந்தால் வீட்டில் யாரிடம் கேட்க வேண்டும்?

சமைத்தவரிடம், தனியாக. கணவர் பக்கத்தில் இருந்தால் "எங்களுக்கு என்ன குறை?" என்பதோடு முடிந்துவிடும். குறை என்று சொன்னால் அவர் சம்பாத்தியத்தைக் குறை சொன்னதாகிவிடும் அல்லவா? உலக உணவு வேளாண் அமைப்பு எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. சாப்பாடு போதாமல் போகுமோ என்ற கவலை இருந்ததா என்று தொடங்கி, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பது வரை போகும். நல்ல கேள்விகள்தான். ஆனால் நம் ஊரில் 'பட்டினி' என்ற சொல் வந்தாலே முகம் மாறிவிடும். விரதம் என்று சொல்லிவிடுவார்கள். செவ்வாய், வெள்ளி விரதம் மாசக் கடைசியில் மட்டும் ஏன் கூடுகிறது என்று நான் கேட்பதில்லை, குறித்துக்கொள்வேன்.

சரி, எங்கள் வீட்டில் குறை இருக்கிறதா என்று நாங்களே பார்க்க வழி உண்டா?

உண்டு. 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. நேற்று சாப்பிட்டதைப் பத்து வகையாகப் பிரிக்க வேண்டும்: அரிசி, கேழ்வரகு, கிழங்கு எல்லாம் ஒன்று, பருப்பு, பயறு ஒன்று, கடலை, எள் ஒன்று, பால், தயிர் ஒன்று, கறி, மீன் ஒன்று, முட்டை ஒன்று, கீரை ஒன்று, மாம்பழம், பரங்கி போன்ற மஞ்சள் காய்கனி ஒன்று, மற்றக் காய் ஒன்று, மற்றப் பழம் ஒன்று. ஐந்து வகையாவது வந்திருந்தால் தேவலை. ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு மேசைக்கரண்டி அளவாவது இருக்க வேண்டும். டீயில் கலந்த பால் கணக்கில் வராது.

ரேஷன் அரிசிச் சோறு, கெட்டியான சாம்பார், கத்திரிக்காய் என்றால் மூன்று. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, ஒரு கை வேர்க்கடலை சேர்ந்தால் ஐந்து. இரண்டும் கொல்லையிலோ பக்கத்துக் காட்டிலோ கிடைப்பவை. கீரைக்கு ஒரு எலுமிச்சைப் பிழிவு போட்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேருவது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். களை எடுப்பில் பத்து மணி டீயை விடச் சொல்ல எனக்கே மனசு வராது, தள்ளி வைக்கத்தான் சொல்கிறேன்.

எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் சரியாகிவிடுமா?

சொல்லிப் பார்த்திருக்கிறேன். உட்காருவார்கள். இரண்டு கவளத்தில் "அம்மா, தண்ணி" என்று ஒரு குரல் வரும், எழுந்து போவார்.

ஆனால் கணக்கெழுதிக்கொண்டே வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வேலைக்குப் போகிற நாளில் பெண்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், வீட்டில் இருக்கும் நாளில்தான் குறைகிறது. காரணம் தூக்குச்சட்டி. காலையில் கிளம்பும்போது தன் பங்கைச் சோறு, குழம்பு, காய் என்று முதலிலேயே போட்டு மூடிவிடுகிறார்கள். அதில் யாரும் கை வைப்பதில்லை. முதலில் சொன்ன அந்தக் கரிசல் ஊர் அக்காவிடம் இதைச் சொன்னேன். அடுத்த தடவை போனபோது ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. அடுப்புத் திண்டில் தூக்குச்சட்டி மூடி இருந்தது. "இன்னைக்கும் காட்டுக்கா?" என்று மாமியார் கேட்டிருக்கிறார். "இல்லத்தே, எனக்குத்தான்" என்றாராம். திறந்து காட்டினார். குழம்பு, சோறு, மேலே ஒரு முழு முட்டை.